நீலப் பூனைக்கு முட்டு

கண்டி வாவிக்கரையில் காலைதோறும் என்னோடு நடந்து, மேட்டில் ஏறுமுன்பே மூச்சு வாங்கி, கல்லிருக்கையில் அமர்ந்து முழங்கால் வலியையும் நாட்டு நடப்பையும் ஒன்றாகவே பேசித் தீர்க்கும் நண்பர்களே, இதனை உங்களுக்காகவே எழுதுகிறேன். நம்மில் ஒருவர், மஹய்யாவ பகுதியில் பிறந்து அங்கேயே முதியவரானவர், அண்மையில் தமது கவலையொன்றைச் சொன்னார். வெளிநாடு சென்ற அவருடைய மகள், தான் ஆசைப்பட்டு வாங்கிய சாதிப் பூனையை அவரிடம் ஒப்படைத்துச் சென்றிருக்கிறாள். சாம்பல் நிறமும் குறுகிய மயிரும் கொண்ட பூனை.

“அக்கா, வந்ததுல இருந்து வாயத் தொறக்க மாட்டேங்குது. கட்டிலுக்கு அடியில பூந்துக்கிட்டு முழிக்குது. ஊமையா இருக்குமோ? பேசாம யாருக்காவது குடுத்துடலாம்னு பாக்குறேன்.”

“எனக்குக் குடுங்க,” என்றார் இன்னொருவர். “எங்க வீட்டுல பேசாத ஆளு ஒண்ணாவது இருக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தோம். எனக்கும் சொல்வதற்கு ஒன்று இருந்தது. ஆனால் வாங்கிய மூச்சு அதற்கு இடங்கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாய்கதிரையில் அமர்ந்தபோது, அந்தப் பேசாத பூனையின் வழியாக எனது சிறு பராயத்தின் ஒரு மழைக்காலம் முழுவதும் எழுந்து வந்தது. அதனை ஒழுங்காக எழுதிவிடுவதே நன்று என்று தோன்றியது.

கலஹாவுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வாழ்ந்தோம். அப்பா அத்தோட்டத்துக் காரியாலயத்தின் பெரிய கிறாணியார். அதாவது தலைமை எழுத்தர். யாழ்ப்பாணத்தை விட்டு மலைக்கு வந்தவர்களாயினும், பேச்சில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓர் அடியும் நகராதவர்கள் என் பெற்றோர். எமக்கு அளிக்கப்பட்டிருந்த வீட்டின் வெளிச்சுவர்கள் கருங்கல்லாலானவை. உட்சுவர்கள் பச்சை வர்ணம் பூசிய பலகை. முன்னறையில் ஒருவர் கொட்டாவி விட்டால் உள்ளறையில் இருப்பவருக்கும் தூக்கம் வரும். அவ்வீட்டில் இரகசியம் என்று ஒன்றும் தங்கியதில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர.

எங்களுடன் சின்னம்மாவும் இருந்தார். அவர் அம்மாவின் தங்கை. பெற்றோர் இருவரும் காலமான பின்னர் ஊரிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சிறு பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். எதைக் கேட்டாலும் “ஓம்” என்று மெல்லச் சொல்வார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் பெறுவது அரிது. பேராதனைக்கு பஸ் ஏறிச் சென்று வகுப்புகளில் அமர்ந்து, பரீட்சை எழுதி, ஆசிரியப் பயிற்சிக் கலாசாலைக்குத் தெரிவு செய்யப்பட்டிருந்தார். அச்செய்தி வந்த நாளிலும் அவர் அதிகம் பேசவில்லை. குசினியில் நின்று, எரியாத அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தார். அப்பா கண்டிக் கடைத்தெருவிலிருந்து கறுப்பு நிறத் தகரப் பெட்டியொன்றை வாங்கி வந்து அவருக்குக் கொடுத்தார்.

அந்த நாட்களில்தான் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையும் அவர் மனைவியான துரைசாணியும் தங்கள் நாட்டுக்கு நிரந்தரமாகத் திரும்ப முடிவு செய்தனர். கப்பலில் கொண்டுசெல்ல இயலாத பொருள்கள் பலருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. தலைமைக் கணக்கப்பிள்ளைக்குச் சுவர்க் கடிகாரம் கிடைத்தது. எங்களுக்குப் பூனை கிடைத்தது.

துரைசாணி அதனைப் பிரம்புக் கூடையில் வைத்துத் தாமே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாசலில் நின்றபடி நெடுநேரம் ஆங்கிலத்தில் பேசினார். அப்பா தலையசைத்துக் கேட்டு, பகுதி பகுதியாக அம்மாவுக்கு மொழிபெயர்த்தார்.

“இது ரஷ்ய நீலமாம்.”

அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தார். “நீலமோ? சாம்பலுக்கை புரண்டது மாதிரிக் கிடக்கு. ரஷ்யா எண்டா, உது கம்யூனிஸ்டுப் பூனையோ? தோட்டத்திலை பிரச்சினை வராதோ?”

“சும்மா இரும். கட்டைமயிர்ப் பூனையாம்.”

“ஆர் வெட்டினது? பேன் கீன் பிடிச்சதோ?”

“ஒருத்தரும் வெட்டேல்லை. பிறப்பே அப்பிடியாம். நல்ல வம்சமாம். தாய், தேப்பன், பாட்டன், பூட்டன் எல்லாற்றை பேரும் தெரியுமாம்.”

அம்மா அதற்கு மட்டும் மரியாதையாகத் தலையசைத்தார். வம்சம் தெரிந்த எதனையும் அவர் எளிதில் தள்ளிவிடுவதில்லை.

துரைசாணியின் பேச்சு முடியும் தறுவாயில் அவர் குரல் இடறியது. அப்பா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுத் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சியவற்றைத் துரைசாணி, பின்னால் நின்ற சின்னம்மாவிடம் சொன்னார். சின்னம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் பொருட்படுத்தியிருக்கவில்லை. அவர் ஓரிரு கேள்விகள் கேட்டார்; துரைசாணி விரலால் தமது தாடையின் கீழே தொட்டுக் காட்டினார். பின்பு, தந்த நிறக் கைப்பிடியுடன் கூடிய மென்மையான சிறு தூரிகையொன்றைச் சின்னம்மாவின் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் இறங்கிப் போனார்.

கூடை திறக்கப்பட்டதும் பூனை ஒரு முறை சுற்றிலும் பார்த்தது. அதன் கண்கள் இளந்தளிரின் பச்சை. அடுத்த கணம் அது அலுமாரியின் கீழே மறைந்துவிட்டது. அங்கேயே நாட்கணக்கில் தங்கியது.

அப்பா தம்மால் இயன்றதைச் செய்தார். பசுப்பாலை வட்டிலில் ஊற்றி அலுமாரிக்குக் கீழே தள்ளினார். பூனை நாகரிகம் கருதி அதனைக் குடித்தது. பின்னர் அதன் வயிறு நாகரிகத்தை மறந்தது. அறையைக் கழுவியவர் அம்மா. அதன்பின் பால் நிறுத்தப்பட்டது. வீட்டு வேலைகளில் உதவ, தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வரும் அக்கா, தரையில் தலை வைத்து அதனை உற்றுப் பார்த்தார்.

“அம்மா, இது பூனைங்களா, சாமியாருங்களா? கத்தவும் மாட்டேங்குது, எலி புடிக்கவும் மாட்டேங்குது. கண்ண மூடிக்கிட்டு ஒக்காந்துருக்கு.”

“ஊமை,” என்று அம்மா தீர்ப்பளித்தார். “அதுதான் துரைசாணி எங்கட தலையிலை கட்டிப்போட்டுப் போட்டா.”

சின்னம்மா எந்தத் தீர்ப்பையும் வழங்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், கைகால் கழுவி, அலுமாரிக்கு முதுகைக் காட்டியபடி தரையில் அமர்ந்து புத்தகம் வாசிப்பார். பூனையை அழைப்பதில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. அவித்த மீன் துண்டுகளைக் காலையிலும் மாலையிலும் ஒரே வேளையில், ஒரே இடத்தில் வைப்பார். தண்ணீர்க் கிண்ணத்தை உணவுக்குப் பக்கத்தில் வைக்காமல் யன்னலோரம் தனியே வைத்தார். மணல் நிரப்பிய பலகைப் பெட்டியை அன்றாடம் சுத்தம் செய்தார். இவையெல்லாம் எதற்கென்று நான் கேட்டபோது, “அதுக்கு எல்லாம் நேற்றைக்கு இருந்த மாதிரியே இண்டைக்கும் இருக்கவேணும், பிள்ளை. அவ்வளவுதான்,” என்றார். அது அவர் பேசிய நீண்ட வாக்கியங்களுள் ஒன்று.

ஒரு மாலை, மலைச்சரிவிலிருந்து மூடுபனி இறங்கி யன்னல் கண்ணாடிகளை வெளுக்கச் செய்துகொண்டிருந்தது. தொழிற்சாலையிலிருந்து கொழுந்து வாடும் மணம் வந்தது. சின்னம்மா ஒரு பக்கத்தைப் புரட்டினார். அவருடைய சேலைத் தலைப்பின்மீது சாம்பல் நிற முன்னங்கால் ஒன்று வந்து நின்றது. பிறகு மற்றொன்று. அவர் அசையவில்லை. பூனை அவர் மடியோரத்தில் ஒட்டிப் படுத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து இமைகளை மெல்ல மூடித் திறந்தது. சின்னம்மாவும் அவ்வாறே மெல்ல மூடித் திறந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

“சின்னம்மா, என்ன செய்யிறீங்கள்?”

“கதைக்கிறம்,” என்றார் சின்னம்மா.

அதன் மயிரைத் தொட்டுப் பார்க்க எனக்கும் அனுமதி கிடைத்தது. நண்பர்களே, பட்டைத் தொட்டது போல என்று எழுதினால் அது பொய்யாகும். மழையில் நனையாத பாசியைத் தொட்டிருக்கிறீர்களாயின் ஓரளவு புரியும். குறுகிய மயிர், ஆனால் அடர்த்தியானது. விரலால் கோடு கீறினால் கோடு நிற்கும். அதனைக் குளிப்பாட்டத் தேவையில்லை. கிழமைக்கு ஒரு முறை அந்தத் தூரிகையால் வாரிவிட்டால் போதும். எஞ்சியதை அது தானே நக்கிச் சீர் செய்துகொள்ளும். சூரியன் எட்டிப் பார்க்கும் அரிய நாட்களில் மயிர் நுனிகள் வெள்ளிபோல் மினுங்கும். அப்பொழுது, ஒரு கணம், அது நீலமாகவும் தெரியும். துரைசாணி பொய் சொல்லவில்லை என்று அன்று அறிந்தேன்.

அக்காலத்தில் எங்கள் வீட்டில் எழுந்த பெரிய மருத்துவச் சிக்கலை இனிச் சொல்லவேண்டும். பூனைகள் மனம் நிறைந்திருக்கையில் தொண்டைக்குள் குறுகுறுவென்று ஓர் ஒலி எழுப்பும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அப்பாவும் அம்மாவும் அதற்குமுன் பூனை வளர்த்தவர்களல்லர். அந்த ஒலிக்கு அவர்களிடம் பெயரில்லை. பெயரில்லாத ஒலிக்கு அம்மா தமக்குத் தெரிந்த பெயரை வைத்தார்.

“இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ. பூனைக்கு முட்டு!”

மூச்சிரைப்பு நோயை நாங்கள் முட்டு என்போம். நெஞ்சு அடைத்து, மூச்சு இழுத்து வரும் அந்த வருத்தம் அம்மாவின் தகப்பனாருக்கு இருந்தது. இறுதிவரை அவரைப் பராமரித்தவர் அம்மா. ஆகவே முட்டு விடயத்தில் அவர் சொல்லே எங்கள் வீட்டில் முடிந்த முடிவு. அப்பா குனிந்து பூனையின் விலாவில் காதை வைத்துக் கேட்டார்.

“ஓம். இழுக்குது,” என்றார் கவலையுடன். “நெஞ்சுச் சளி போலை கிடக்கு.”

“அக்கா,” என்றார் சின்னம்மா, “அது சந்தோசத்திலை வாற சத்தமெண்டு துரைசாணி சொன்னவ.”

“வெள்ளைக்காரிக்கு முட்டைப் பற்றி என்ன தெரியும்? ஐயாவுக்கு ராத்திரி பகலாய் நெஞ்சு தடவினது நான். எனக்குத் தெரியாத இழுப்போ?”

சின்னம்மா அதனை மறுமுறை சொல்லவில்லை. ஓமம் அவித்த நீர் தயாரானது. கற்பூரவள்ளிச் சாறு பிழியப்பட்டது. கரண்டியைக் கண்ட பூனை அலுமாரியின் உச்சிக்குத் தாவியது. அங்கிருந்து ஒலி வரவில்லை. “பாத்தியளே, மணத்துக்கே நிண்டிட்டுது,” என்று அம்மா மகிழ்ந்தார். அன்று முதல், பூனைக்கு முட்டு என்பது எங்கள் வீட்டின் நிலைத்த உண்மைகளுள் ஒன்றாயிற்று. விருந்தினர் எவரும் பூனையைக் கண்டதில்லை. அந்நியக் காலடி கேட்டதும் அது மறைந்துவிடும்.

அந்த ஒலியைக் கொண்டு நானும் பூனையும் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தோம். சின்னம்மாவின் புதிய தகரப் பெட்டி அப்போது வெறுமையாக இருந்தது. பூனைக்கு அதன் மூடிமேல் படுப்பதில் விருப்பம். சின்னம்மா காட்டிய இடத்தில், தாடைக்குக் கீழே, விரலால் இரண்டு முறை வருடினால் ஒலி தொடங்கும். தொடங்கியதும் அது பூனையின் தொண்டையை விட்டுத் தகரத்துக்குள் இறங்கி, பெட்டி முழுவதும் நிறைந்து, பலகைச் சுவரையும் அதிரச் செய்யும். பெட்டியில் காதை வைத்தால் பாலத்தின்மேல் புகைவண்டி போவது போலிருக்கும். சின்னம்மாவும் ஒரு நாள் காதை வைத்துக் கேட்டார். அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் கண்டேன்.

பின்னர் சின்னம்மா பயிற்சிக் கலாசாலைக்கென்று வெள்ளைச் சேலைகளையும் புத்தகங்களையும் அப்பெட்டியில் ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார். பெட்டி நிறைய நிறைய, ஒலி அமுங்கிப்போயிற்று. எனக்கு அது பெருங்குறையாக இருந்தது.

பெட்டி நிறைந்த வேளையில்தான் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கொழும்பில் அரசாங்க உத்தியோகம். குடும்பம் எங்கள் ஊர்ப் பக்கம். வம்சம் விசாரித்தாயிற்று. அவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. அதனை அப்பா, சின்னம்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அம்மாவிடம் சொன்னார்.

“தங்கட வீட்டுக்கு வாற பொம்பிளை வேலைக்குப் போகத் தேவையில்லை எண்டு தாய்க்காரி சொல்லிப்போட்டா. உந்தப் பயிற்சிக்குப் போறதை நிப்பாட்டவேணும்.”

“அதுக்கென்ன, நல்ல இடம் வாறது லேசோ? அவள் ஒண்டும் சொல்லமாட்டாள்.”

சின்னம்மா தேநீரை ஊற்றி முடித்தார். கோப்பைகளை ஒவ்வொன்றாக வைத்துவிட்டு உள்ளே போனார். அம்மா அப்பாவைப் பார்த்து, நான் சொன்னேனல்லவா என்பது போலப் புன்னகைத்தார். என் பெற்றோர் கொடியவர்களல்லர். பெற்றோரற்ற தங்கையைக் கரை சேர்த்துவிடவேண்டும் என்ற பாரத்தால் அம்மா அக்காலத்தில் சரியாக உறங்கியதுகூட இல்லை. ஆயினும் ஒருவர் பேசாதிருந்தால், அவருக்காக நாம் பேசிக்கொள்ளலாம் என்று அவர்கள் நம்பினார்கள். அலுமாரிக்கடியில் கிடந்த பூனையை ஊமை என்று எழுதி முடித்ததும் அதே நம்பிக்கையினால்தான் என்று இப்போது எண்ணுகிறேன்.

பெண் பார்க்கும் நாள் காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. நான் விழித்துப் பார்த்தபோது சின்னம்மாவின் வெள்ளைச் சேலைகளும் புத்தகங்களும் கட்டில்மேல் குவிந்து கிடந்தன. பெட்டி வெறுமையாகத் திறந்திருந்தது. அம்மா வந்து பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

“உடுப்பெல்லாம் புழுங்கி மணக்குது, அக்கா,” என்றார் சின்னம்மா. “வெயில் காட்டவேணும்.”

அம்மா கண்களைத் துடைத்தபடி குசினிக்கு ஓடினார். “பாத்தியளே, பெட்டியை வெறுமையாக்கிப்போட்டாள்! படிப்பு ஆசையை விட்டிட்டாள். நான் சொன்னனான் எல்லோ, நல்ல பிள்ளையெண்டு,” என்று அப்பாவிடம் அவர் சொன்னது பலகைச் சுவரினூடாக எங்களுக்குக் கேட்டது. சின்னம்மா பெட்டியை மூடினார். அதனைப் பலகைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுவதற்கு என்னையும் துணைக்கழைத்தார். அச்சுவரின் மறுபுறத்தில், முன்னறையில், வீட்டின் ஒரே மெத்தை வைத்த கதிரையை அம்மா முதன்மை விருந்தாளிக்கென்று போட்டிருந்தார்.

பிற்பகலில் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லியானவர், மழையில் நனைந்த தம் தோல் சப்பாத்துகளைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டதாகத் தோன்றியது. அவருடைய தாயார் அகன்ற கரைச் சேலையுடுத்து, மெத்தைக் கதிரையில் நிறைந்து அமர்ந்தார். அவர்களை வரவேற்பதற்காக அப்பாவும் அன்று வீட்டினுள் சப்பாத்து அணிந்திருந்தார். இது சிறிய விடயமாகத் தோன்றலாம்; ஆனால் சிறிய விடயமன்று.

உள்ளறையில் நானும் சின்னம்மாவும் பூனையும் இருந்தோம். வாய் திறக்கக்கூடாதென்று எனக்குக் கட்டளை. சின்னம்மா பட்டுச்சேலையுடன் பெட்டிமேல் ஒரு பக்கமாக அமர்ந்து, அலுமாரிக்கடியை நோக்கி இமைகளை மெல்ல மூடித் திறந்தார். பூனை வந்தது. அவர் பக்கத்தில், தகர மூடியின் நடுவே படுத்தது. அவர் அதன் தாடைக்குக் கீழே விரலை வைத்தார். அச்சத்தினால் எதையேனும் தொட்டுக்கொண்டிருக்க விரும்புகிறார் என்றே நான் எண்ணினேன்.

முன்னறையில் பேச்சு பாட்டன் பூட்டன்மாரைக் கடந்து, சீதனத்தை அணுகிக்கொண்டிருந்தது. அப்போது மாப்பிள்ளையின் தாயார் பேச்சை நிறுத்தினார்.

“தம்பி, உது என்ன சத்தம்?”

“எது மாமி?”

“உந்தச் சுவருக்கு அங்காலை. ஆரோ இழுக்கினம்.”

எல்லோரும் செவிசாய்த்தார்கள் போலும். மழையையும் மீறி, வெறும் தகரம் முழங்கியது.

“ஓ, அது பூனை, மாமி.”

“பூனையோ? நாங்கள் வந்து இவ்வளவு நேரம், ஒரு பூனையையும் காணேல்லையே. ஒரு கத்தலும் கேக்கேல்லை.”

“அது கத்தாது.”

“கத்தாத பூனையோ?”

“பொறுங்கோ, காட்டுறன்,” என்று அப்பா எழுந்தார். பலகைத் தரையில் சப்பாத்துகள் தடதடத்தன. அப்படியொரு காலடியை எங்கள் வீட்டினுள் பூனை கேட்டதேயில்லை. அப்பா திரைச்சீலையை விலக்கியபோது, பூனை அலுமாரிக்கடியில் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. சின்னம்மா பெட்டிமேல் தனியே, கைகளை மடியில் வைத்து, தலை குனிந்து அமர்ந்திருந்தார். ஒலி நின்றுபோயிருந்தது.

மாப்பிள்ளையின் தாயார் அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். சின்னம்மாவைப் பார்த்தார். பிறகு மிகுந்த அனுதாபத்துடன் திரும்பிச் சென்று அமர்ந்தார்.

“பூனை ஒளிச்சிட்டுது,” என்றார் அப்பா. அவர் குரல் அவருக்கே நம்பத்தகுந்ததாக இருக்கவில்லை.

“எங்கட வீட்டிலையும் பூனையள் நிக்குது, தம்பி. கத்தும், களவெடுக்கும். உப்பிடி இழுக்காது.”

அப்பா தமக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லித் தப்ப முயன்றார். “இல்லை மாமி, எங்கட பூனைக்கு முட்டு.”

மெத்தைக் கதிரை சுவரைவிட்டுச் சற்று விலகும் சத்தம் கேட்டது.

“பூனைக்கு முட்டோ,” என்றார் அந்த அம்மையார் நிதானமாக. “அப்ப அதோடை ஒரே வீட்டிலை கிடக்கிறவைக்கு?” பின்னர் அம்மாவின் பக்கம் திரும்பினார். “பிள்ளை, உங்கட ஐயாவுக்கும் உந்த வருத்தம் இருந்ததெண்டு ஊரிலை கதை. உண்மையோ?”

“ஐயாவுக்குத்தான், மாமி! தங்கச்சிக்கு ஒரு தடிமன் தும்மல்கூட வாறேல்லை. சாமி சத்தியமாய்!” அம்மா சத்தியம் செய்யாமல் இருந்திருக்கலாம். அச்சத்தியமே எல்லாவற்றையும் முடித்துவைத்தது.

சின்னம்மா அழைக்கப்பட்டார், தட்டை நீட்டினார், நின்றார். அவருடைய மார்பு ஏறி இறங்குவதையே அந்த அம்மையார் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, “குளிர் தேசம், பிள்ளைக்கு உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ,” என்று எழுந்தார். கலஹாவிலிருந்து பேராதனைக்குப் போகும் மாலை பஸ்ஸைத் தவறவிடக்கூடாதாம்.

அவர்கள் போனபின் அப்பா சப்பாத்தைக் கழற்றி எறிந்தார். பூனை அலுமாரிக்கடியிலிருந்து வெளியே வந்து, அவர் வெறுங்காலில் தலையைத் தேய்த்தது. “இப்ப வா!” என்றார் அப்பா. “இப்ப வா நீ!” அம்மா அழுதார். அழுகையின் நடுவே, பூனையைத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிடவேண்டும், எலியாவது பிடிக்கட்டும் என்றார்.

“வேண்டாம், அக்கா,” என்றார் சின்னம்மா.

அவர் வாயிலிருந்து அச்சொல்லை அதற்குமுன் நாங்கள் கேட்டதில்லை. அம்மா அழுகையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

“அதுக்கு இந்த வீடு பழகீட்டுது. இடம் மாத்தினா சாப்பிடாது. நான் போனாப்பிறகு பிள்ளை பாத்துக்கொள்ளுவாள்.”

“நீ எங்கை போறாய்?”

“பயிற்சிக்கு.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். முட்டுக் கதை ஊருக்குப் போய், அடங்குவதற்குச் சில காலம் ஆகும். அதுவரை வேறு சம்பந்தம் பேச வழியில்லை. “சரி, போகட்டும்,” என்றார் அப்பா, தாமே எடுத்த முடிவைப் போல. அந்த மழைக்காலம் ஓய்வதற்குள் சேலைகளும் புத்தகங்களும் மீண்டும் தகரப் பெட்டிக்குள் ஏறின. பெட்டியை லயத்து அக்கா தலையில் வைத்துப் பஸ் தரிப்பிடம் வரை கொண்டுசென்றார். தூரிகை என் கைக்கு வந்தது.

சின்னம்மா போன நாட்களில் பூனை பெட்டி இருந்த இடத்தில், வெறுந்தரையில் படுத்திருந்தது. நான் அலுமாரிக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, புரியாத புத்தகமொன்றை வாசிப்பதுபோல் நடித்தேன். எப்போது அது என் பாவாடை நுனியில் காலை வைத்தது என்று எனக்கு நினைவில்லை. வைத்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. அதன்பின் நெடுங்காலம் என்னோடு வாழ்ந்து, முதுமையடைந்து, கோப்பிச் செடியின் கீழே அடங்கியது. தந்த நிறத் தூரிகை, நாங்கள் தோட்டத்தை விட்டுக் கண்டிக்கு வந்தபோது எங்கோ தொலைந்துபோயிற்று. இன்றும் கடைகளில் தூரிகைகளைக் கண்டால் கைப்பிடியைப் பார்க்கிறேன்.

மஹய்யாவ நண்பரே, உங்கள் பூனை ஊமையன்று. அதனைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுக்காதீர்கள். வீட்டுச் சாமான்களை இடம் மாற்றாதீர்கள். பால் வேண்டாம். வேளை தவறாமல் அளவோடு உணவிடுங்கள். வைத்ததையெல்லாம் உண்ணக்கூடியது, ஆகவே பருத்துவிடும். சத்தமிட்டுக் கூப்பிடாதீர்கள். தரையில் அமரமுடியாத முழங்கால் என்றால், கட்டிலருகே கதிரையைப் போட்டு, முதுகைக் காட்டிப் பத்திரிகை வாசியுங்கள். அது வரும். வந்ததும் கொடுத்துவிடும் எண்ணம் உங்களுக்கு இராது.

சென்ற வாரம் சின்னம்மாவைப் பார்க்கச் சென்றிருந்தேன். பல பள்ளிக்கூடங்களில் படிப்பித்து, அதிபராக ஓய்வு பெற்று, தாமே தெரிவு செய்து மணந்த ஓர் ஆசிரியருடன் நெடுங்காலம் வாழ்ந்து, இப்போது கடுகண்ணாவையில் மகன் வீட்டில் இருக்கிறார். காது சற்று மந்தம். உங்கள் பூனையின் கதையைச் சொன்னேன். விருப்பத்துடன் கேட்டார். அப்போது, இத்தனை ஆண்டுகளாக எனக்குத் தோன்றாத ஒரு கேள்வி திடீரென்று தோன்றியது.

“சின்னம்மா, அண்டைக்குக் காலமை ஏன் பெட்டியை வெறுமையாக்கினீங்கள்?”

“உடுப்பு புழுங்கி மணத்தது, பிள்ளை. வெயில் காட்ட.”

“அண்டைக்கு மழை, சின்னம்மா.”

அவர் என்னை நேராகப் பார்த்தார். பின்பு இமைகளை மெல்ல மூடி, மெல்லத் திறந்தார்.